கெண்டை கடிக்கும் இடம்

"இதைவிடச் சின்ன முள் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டபடி லிஃப்ட்காரர் தன் தூண்டில் முள்ளைக் கடைப் பலகையின் மேல் வைத்தார். அதைத் துடைத்து, காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரி அப்போது ஒரு சைக்கிள் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி எங்கே குமிழி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூண்டில் சாமான் விற்கிற கடைதான், ஆனால் கொஞ்ச காலமாக அதில் பஞ்சர் வேலையும் சேர்ந்துகொண்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு முள்ளை எடுத்துப் பார்த்தாள். நல்ல முள். கெண்டைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. அவளே பார்த்துக் கொடுத்ததுதான்.

"முள்ளுல ஒண்ணும் குத்தம் இல்ல சார். எங்க உக்காந்தீங்க இன்னைக்கு?"

"நீங்க சொன்ன இடத்துலதான். தெற்குக் கரை, சாஞ்ச மரம்."

"நிழல் தண்ணில விழுந்துச்சா?"

அவர் யோசித்தார். அவளுக்கு அவரிடம் பிடித்ததும், பார்க்கப் பாவமாக இருந்ததும் அந்த யோசிப்புதான். மற்றவர்களாக இருந்தால் சட்டென்று இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இவர் காலையிலிருந்து தான் உட்கார்ந்த ஒவ்வொரு நிலையையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, தப்பு செய்த பையனைப் போல், "ஒரு தடவை எந்திரிச்சேன். அப்ப விழுந்திருக்கும்" என்றார்.

"அதான். கெண்டை ரொம்ப உஷாரு. கரையில நீங்க குதிகாலை அழுத்தி நடந்தாலே அதுக்குக் கேட்டுரும். வெள்ளைச் சட்டை வேண்டாம். வெயில் தண்ணியத் தொடுறதுக்கு முன்னாடி போயிருங்க. ரெண்டு நாள் தூண்டிலே போடாதீங்க, மாவை மட்டும் உருட்டி ஒரே இடத்துல போட்டுட்டு வந்துருங்க. மூணாவது நாள் போடுங்க. தக்கை லேசா ஆடும். அப்ப இழுக்கக் கூடாது. அது உதட்டால தொட்டுப் பாக்குது, அவ்வளவுதான். ஒரு பக்கமா சாஞ்சு நகரும் பாருங்க, அப்பத்தான்."

அவர் உதடு அசைய ஒவ்வொன்றையும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்த்தவர். வலது கையில் இரண்டு நகங்கள் எப்போதோ நசுங்கிக் கறுத்து, அப்படியே நின்றுவிட்டிருந்தன. வந்த புதிதில், "இந்தக் கை சொன்னா லிஃப்ட் எட்டு மாடி ஏறி இறங்கும் தங்கச்சி, ஒரு மீன் ஏற மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வருவதில்லை. கையை மட்டும் அவ்வப்போது திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.

அவர் போன பிறகு ட்யூபை மறுபடி அமுக்கினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தக் கரையில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது எல்லாம். எந்தக் காற்றுக்கு எந்தக் கரை, எந்த மேகத்துக்கு எந்தத் தீனி என்று ஆம்பிளைகள் அவளிடம்தான் வந்து கேட்டுப் போவார்கள். எல்லாம் உண்மை. ஏரியில் மீன் மட்டும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கோடையில் ஒரு காலை மீன்கள் மேலே வந்தன. முதலில் வாயை மட்டும் வெளியே நீட்டி, குளிரில் பேச்சு வராதவர்கள் மாதிரி திறந்து திறந்து மூடின. வெயில் ஏறுவதற்குள் ஒருக்களித்துச் சாய்ந்தன. கரையிலிருந்து பார்த்தால் ஏரி முழுக்க யாரோ தகரத்தை வெட்டிப் போட்டது மாதிரி இருந்தது. ஊரே சேர்ந்து மண்வெட்டியால் வாரியது. படகுக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். மூடிய பிறகும் வெகுநாள் நாற்றம் போகவில்லை. வீட்டில் துணியை மடிக்கும்போது, தலையணையைத் தட்டும்போது எல்லாம் அதுதான் வந்தது. தண்ணீர் வரும் வழியில் எங்கேயோ எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். வெயில், பாசி அழுகிவிட்டது என்றார்கள் சிலர். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். பாட்டிலும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அடுத்த மழைக்கு ஊர்க்காரர்களே குஞ்சு வாங்கி விட்டுப் பார்த்தார்கள். அவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஆனால் ஏரி பார்ப்பதற்கு முன்பைவிட அழகாகிவிட்டது. கலங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாததால் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது. கொக்கு வருவதில்லை, நாரை வருவதில்லை, தவளைச் சத்தம்கூட இல்லை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் கரையில் இறங்கியதும் முதலில் சொல்வது, "என்ன ஒரு அமைதி!"

மீனைப் புதைத்த அன்று சாயங்காலம் படகுக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். படகு வாடகைக்கு விடுகிறவர், அறை வாடகைக்கு விடுகிறவர், புழு தோண்டி விற்கிறவர், இவள். அந்த ஏரியைப் பார்த்து வருகிறவர்களை நம்பித்தான் அந்த வீதியில் அத்தனை அடுப்பும் எரிந்தது. படகுக்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவர்தான் பேச்சை எடுத்தார். "யாரும் போய்ச் சொல்லணும்னு இல்ல, சொல்லக் கூடாதுன்னும் இல்ல. கேட்டா தண்ணியப் பாத்துக்கிட்டு நில்லுங்க, அது போதும்." யாரும் சத்தியம் செய்யவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. ஆளாளுக்குக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வழக்கமாக வந்துகொண்டிருந்தவர்கள் ஒருத்தர் ஒருத்தராக நின்றுபோனார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடும். தண்ணீரைப் படித்தவர்கள். ஏரியின் பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டு வருகிற புது ஆட்கள்தான் மிச்சம். அவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நமக்கு வரல" என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணன் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். "புதுசா வர்றவன் ஏரியைக் குறை சொல்லவே மாட்டான் கவனிச்சியா? தன் கையைத்தான் குறை சொல்லுவான். அதுல ஓடுது நம்ம பொழப்பு." அவளும் கூடச் சிரித்தாள். அந்தக் கோடை முடிந்து அவள் புருஷன் நகரத்துக்குக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டான். "இடம் பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இடம் பார்த்துக்கொண்டே இருக்கிறான். முதலில் தினமும் வந்த போன் பிறகு வாரக் கடைசியில் வந்தது. இப்போது அவளுக்குத் தலைவலியா காய்ச்சலா என்று கேட்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

லிஃப்ட்காரரும் இரண்டு நாளில் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். ஏரிக்கரை மதகைத் தாண்டி இருக்கும் மஞ்சள் வீட்டை அவர் வாங்கியேவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டைப் பேசி முடித்துக் கொடுத்தது அண்ணன். நகரத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் இருட்டுக் கிணறு மாதிரியான லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு இந்த ஒரு காட்சியைத்தான் நினைத்துக்கொள்வாராம். தண்ணீர், ஒரு கம்பு, தலைக்கு மேல் ஒன்றும் தொங்காத வானம். சொல்லும்போது அவர் கண்கள் மேலே போய்ப் போய் வந்தன.

அவர் அவள் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். இரண்டு நாள் மாவு மட்டும் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். பழுப்புச் சட்டை வாங்கினார். மயிலிறகு மாதிரி லேசான தக்கை ஒன்றைத் தானே செதுக்கினார், கடைத் தக்கை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுவதை அவள் ஒரு தடவை காட்டினாள், மறுநாள் அவர் போட்டது அவள் போட்டதைவிடச் சுத்தமாக இருந்தது. சாயங்காலம் கடைக்கு வந்து அன்றைய கணக்கை ஒப்பிப்பார். தக்கை இரண்டு தடவை ஆடியது என்பார். அது காற்று என்று அவளுக்குத் தெரியும். "அப்படியா, நல்ல அறிகுறி சார்" என்பாள். வாயிலிருந்து அது வெளியே வரும்போது நாக்கு கசக்கும். ஆனாலும் வந்துவிடும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவருடைய மனைவி கடைக்கு வந்தார். அதுவரை தூரத்தில் பார்த்ததுதான். ஒல்லியான உடம்பு. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர் என்று லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார், குரல் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து காதில் உட்கார்ந்தது. குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கக்கா, நனையுறீங்க."

"உக்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உன்னைப் பத்தி அவரு நிறைய சொல்லுவாரு. இந்த ஊருல அவருக்குன்னு இருக்கிற ஒரே ஆள் நீதான்."

கடைக்காரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஈயக் குண்டு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினாள்.

"அவரு தூங்குறதில்ல. படுத்துக்கிட்டே கையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு கை பட்டு ஓடாத பொருளை நான் பாத்ததில்ல. கடியாரம், ரேடியோ, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின், எதுவா இருந்தாலும். இப்ப குழம்புக் கரண்டி கை நழுவினாக்கூட, வயசாயிருச்சு, நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு ஆரம்பிச்சுடுறாரு. எனக்கு இங்க வர இஷ்டம் இல்ல. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. அவருக்காக வந்தேன். என் தங்கச்சி வீட்டு மாடில ஒரு அறை காலியா இருக்கு. வந்துருங்கன்னு கூப்பிடுறா. இந்த வாரம் சொல்லலன்னா வேற ஆளை வச்சுடுவா, அவளும்தான் என்ன செய்வா." கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "நீ எனக்குப் பொய் சொல்லாதே. இந்த ஏரில மீன் இருக்கா?"

பின்னால் எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் இல்லை, கேட்டுவிடுவாரோ என்ற பயம் இல்லை. அந்த அம்மாளுக்குப் பதில் தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார். எல்லாம் தெரிந்தும் நாக்கு அவளை முந்திக்கொண்டது. இத்தனை நாள் ஒரே பாதையில் நடந்த நாக்கு.

"இருக்குக்கா. இல்லாம எங்க போகும்?"

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "அப்ப அவருக்குத்தான் இன்னும் கை வரல. சரி, கத்துக்கட்டும். எங்களுக்கு என்ன அவசரம்? இல்லன்னு நீ சொல்லியிருந்தா கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்." சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் முகமே மாறியது. எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாரோ! ஈரச் சாலையில் குடை போய் மறையும் வரை கடைக்காரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பின்னாலேயே ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கால் இரண்டு தடவை எழுந்தது. மழை என்று ஒரு சாக்கு இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் லிஃப்ட்காரர் வந்தபோது நிமிர்ந்து நடந்து வந்தார். "தங்கச்சி, உங்களுக்கு நன்றி சொல்லணும். என் வீட்டுக்காரி, அவளோட தங்கச்சி கூப்பிட்டதுக்கு வரலன்னுட்டா. அந்த அறையையும் வேற யாரோ எடுத்துட்டாங்க. கடைக்காரி சொல்லிட்டா, மீன் இருக்கு, நீங்க பிடிப்பீங்கங்கிறா. அவ என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லி எவ்வளவு நாளாச்சு!" சொல்லிக்கொண்டே வந்தவர் குரலை இறக்கினார். "இனிமே பிடிச்சே ஆகணும் இல்ல?" முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு அடியில் பயம் தெரிந்தது. பரீட்சை அறைக்குள் நுழைகிறவனின் பயம்.

அன்று சாயங்காலம் அவள் கடையைச் சாத்திவிட்டு நேராகப் படகுக் கொட்டகைக்குப் போனாள். படகுகள் கவிழ்த்துப் போட்டபடியே கிடந்தன. அண்ணன் ஒன்றின் மேல் உட்கார்ந்து, உரிந்த பெயிண்ட்டை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவர்கிட்ட சொல்லப் போறேண்ணே."

"சொல்லு. சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன? மனுஷன் செத்துப்போயிடுவாருண்ணே இப்படியே."

"வீட்டை வித்தவன் திருப்பி வாங்கிக்குவானா? அந்த வீட்டை இனிமே எவன் வாங்குவான்? இப்ப அந்த ஆளுக்கு மீன் மட்டும்தான் இல்ல. நீ சொன்னா ஒண்ணுமே இருக்காது." அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளைத் தாக்கியது. பெயர்த்த பெயிண்ட்டை உள்ளங்கையில் வைத்து ஊதினார். "நான் மட்டும் என்ன? தினம் விடிஞ்சதும் எந்திரிச்சு வந்து தண்ணியத்தான் பாக்குறேன். எங்கயாவது ஒரு வட்டம் விழுதா, ஒரு குமிழி வருதான்னு. உன் அண்ணிகிட்டகூடச் சொன்னதில்ல. நீயும் வந்து பாக்குறே, எனக்குத் தெரியும்."

அண்ணன் சொன்னது சரி. அவளும் பார்க்கிறாள்.

மூன்று நான்கு நாள் யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரே ஒரு மீன். ஒன்று அவர் தூண்டிலில் விழுந்துவிட்டால் போதும். அந்தக் கைக்கு வந்த பழி தீர்ந்துவிடும். மனைவி கண்ணுக்கு முன்னால் தலை நிமிர்ந்துவிடும். அதற்கப்புறம் உண்மையைச் சொன்னாலும் தாங்குவார், எங்கே போவதென்று நிதானமாக யோசிப்பார். யோசித்துப் பார்த்தால் இதில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். ஆனால் பல நாளுக்குப் பிறகு ஏதோ செய்யப்போகிறோம் என்ற நினைப்பே அவளுக்குச் சாப்பாட்டை ருசிக்க வைத்தது.

பெயிண்ட் வாளி ஒன்றை மூடியோடு கழுவி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, மீன் வளர்க்கிற பண்ணைக்குப் போனாள். சிமெண்ட் தொட்டியில் மோட்டார் காற்றடிக்க, கெண்டைகள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. துள்ளலாக இருந்த இரண்டைப் பார்த்து எடுத்தாள். திரும்பும்போது வாளிக்குள் தடதடவென்று அடித்தன. கண்டக்டர் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, "உள்ள யாரும்மா, டிக்கெட் எடுக்கச் சொல்லு" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பெரிய தொட்டியில் விட்டு, வெளிச்சம் போகும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவை வாலை அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தும் விடியாத வேளையில் தெற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். சாய்ந்த மரத்தடியில் அவர் போட்டு வைத்திருந்த மாவு உருண்டைகள் தண்ணீருக்கடியில் வெள்ளையாக, ஒன்றுகூடக் கரையாமல், உடையாமல் கிடந்தன. அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் மனசு பின்வாங்கியது. பிறகு வாளியைச் சரித்தாள். இரண்டும் வழுக்கி இறங்கி, வாலை ஒரு சுழற்று சுழற்றி, ஆழத்துக்குள் போயின. தெளிந்த தண்ணீரில் இரண்டு கறுப்பு முதுகுகள் அக்கம் பக்கமாகப் போவது நன்றாகத் தெரிந்தது. அந்த ஏரிக்குள் உயிர் ஒன்று அசைந்து அவள் பார்த்து எத்தனை காலமாயிற்று! வாய்விட்டு ஏதோ சத்தம் போட்டுவிட்டாள். என்ன சொன்னோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஒரு வாய் மேலே தெரிந்தது. பிறகு இன்னொன்று. திறந்து திறந்து மூடின. "வேண்டாம், வேண்டாம், உள்ள போ" என்று கையால் தண்ணீரைத் தட்டினாள். ஒன்று அரைவட்டம் அடித்து ஒருக்களித்தது. வெள்ளை வயிறு தெரிந்தது. புடவையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். காலடிச் சேறு கறுப்பாகப் பொங்கி எழுந்தது, அந்தப் பழைய நாற்றமும் கூடவே எழுந்தது. சாய்ந்ததை நிமிர்த்திவிட்டாள். கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது.

"மீன்! தங்கச்சி, மீன்!"

லிஃப்ட்காரர் கரையில் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குதிகாலை அழுத்தக் கூடாது, நிழல் விழக் கூடாது என்பதெல்லாம் பறந்துபோயிற்று. முழங்கால் அளவுத் தண்ணீரில் தடதடவென்று இறங்கி இரண்டு கையாலும் ஒன்றை அள்ளினார். "கெண்டை! பாத்தீங்களா? நான் மாவு போட்ட இடத்துலயே! ரெண்டு! கண்ணால பாத்துட்டேன் தங்கச்சி!"

"சார், கேளுங்க. இது ஏரி மீன் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான்தான் விட்டேன். பண்ணைல இருந்து கொண்டாந்தேன். இந்த ஏரில மீனே இல்ல சார். எல்லாம் செத்துப்போச்சு. நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப்போச்சு. இத்தனை நாள் நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம்..." வாளியைக் காட்டினாள். "உங்க கையில ஒரு குறையும் இல்ல. மீன்தான் இல்ல. அக்காகிட்டயும் பொய்தான் சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். கரையில் கிடந்த வாளியைப் பார்த்தார். கையில் இருந்த மீனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நின்றாள். அவர் மெல்லச் சிரித்தார். பெரிய மனது வைத்து விட்டுக்கொடுக்கிறவரின் சிரிப்பு.

"உங்க அண்ணன் வீடு பேசின அன்னைக்கே சொன்னாரு தங்கச்சி. நல்ல இடம் தெரிஞ்சுட்டா ஊர்க்காரங்க லேசுல காட்டிக் கொடுக்க மாட்டாங்க, மீனே இல்லன்னு அடிச்சுப் பேசுவாங்கன்னு. எனக்கு வருத்தம் இல்ல. நீங்களும் பிழைக்கணும் இல்ல? வாளியோட விடியகாலைல நீங்க இங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் இந்த இடத்தைச் சொல்ல மாட்டேன். நாம ரெண்டு பேருக்கு மட்டும்."

"சார், சத்தியமா..."

"போதும் தங்கச்சி. சத்தியமெல்லாம் எதுக்கு?"

ஒரு கையால் மீனைத் தண்ணீரில் அணைத்துப் பிடித்துக்கொண்டே மறு கையால் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். வா, சீக்கிரம் வா, கரை வழியாக வா, செருப்பு போடாமல் வா. மஞ்சள் வீட்டின் கதவு திறப்பதும், அந்த அம்மாள் வேகவேகமாக மதகைத் தாண்டி வருவதும் தெரிந்தன. அவர் வந்து சேர்வதற்குள் லிஃப்ட்காரர் இன்னொரு முடிவுக்கு வந்துவிட்டார். "இதைக் கொண்டுபோக வேண்டாம். விட்டுடுவோம். மயக்கமா இருக்கு, நான் அவசரப்பட்டு அழுத்திப் பிடிச்சுட்டேன் போல. தெளிஞ்சு உள்ள போகட்டும், பெருகட்டும். இருக்குன்னு தெரிஞ்சாச்சு, அது போதும்." மீனைத் தண்ணீருக்குள் வைத்து, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் அசைத்தார். "இதோ, செவுள் அசையுது. அசையுதா இல்லையா பாருங்க."

அவர் கை அசைந்ததில்தான் செவுள் அசைந்தது.

மனைவி கரைக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முதலில் புருஷனின் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம். பிறகு சரிந்து கிடந்த வாளியை, அதன் மூடியை, கடைக்காரியின் நனைந்த புடவையை. கடைசியாக அவள் கண்களை. கடைக்காரி எதையும் மறைக்கவில்லை. மறைக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. வாயைத் திறந்தாள். அந்த அம்மாள் இலேசாக, யாரும் கவனிக்க முடியாத அளவுக்கு, தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் தண்ணீருக்குள் இறங்கினார். வெள்ளை வயிறு மேலே தெரிய ஒதுங்கிக் கிடந்த இரண்டாவது மீனைக் குனிந்து எடுத்தார்.

"எப்படிப் பிடிக்கணும் தங்கச்சி? சொல்லிக் கொடு."

குரல் அதே தெளிவோடு வந்தது. லிஃப்ட்காரர் தன் மீனை அசைத்துக்கொண்டே ஆவலாக நிமிர்ந்து பார்த்தார். இருவரும் அவளுடைய வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். வெயில் எதிர்க்கரையின் விளிம்புக்கு வந்திருந்தது.

"வயித்துக்கு அடியில கை கொடுங்கக்கா" என்றாள் கடைக்காரி. "அழுத்தாதீங்க. வாலை லேசாப் பிடிங்க. தண்ணி ஓடி வர்ற பக்கமா அது முகத்தைத் திருப்பி வைங்க, அப்பத்தான் செவுளுக்குள்ள தண்ணி போகும்."

அந்த அம்மாள் அப்படியே பிடித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஏரி நாலாபக்கமும் அசையாமல் நின்றது.

"எந்தப் பக்கம்?"

கடைக்காரி ஒரு கையைத் தூக்கி எதிர்க்கரைப் பக்கம் காட்டினாள். புருஷனும் மனைவியும் மெதுவாக அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார்கள்.